தேயிலைப் பெட்டியில் ஓடிய படம்

என் மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்து போன மறுவருடம், மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று ஒரு படம் செய்து காட்டும்படி எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு உத்தரவு வந்தது. உத்தரவிட்ட இன்ஸ்பெக்டருக்கு என் வீட்டுச் சங்கதி தெரியாது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் பஸ் ஏறி, மெயின் ரோட்டில் இறங்கி, மலைப்பாதையில் மூச்சு வாங்க ஏறி வருவார். வந்ததும் முதலில் நாற்காலி, பிறகு தண்ணீர், அதற்கும் பிறகுதான் பேச்சு.

"வட்டாரப் பள்ளிக்கூடமெல்லாம் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கிறம், மாஸ்டர். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பாடம். உங்கட பள்ளிக்கு மூளை. மனிசன்ர மூளை எப்பிடிப் படிக்குது எண்டு பிள்ளையளே செய்து காட்ட வேணும். அதுக்கு முன்னம் நான் ஒருக்கா வந்து பாப்பன்."

"சரிங்க சார்" என்றேன். அந்த வருடம் யார் எதைச் சொன்னாலும் நான் சரி என்றுதான் சொன்னேன். மறுப்பதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது என்னிடம் இருக்கவில்லை.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. காய்ச்சலுக்கு முன் அவள் வாய் ஓயாத பிள்ளை. கங்காணி ஆட்களை ஏசுவதைக் கேட்டு வந்து, வீட்டில் கோழிகளை அதே மாதிரி ஏசுவாள். காய்ச்சல் வந்தபோது தோட்டத்து டிஸ்பென்சர் பார்த்துவிட்டு லொறியில் ஏற்றச் சொன்னார். கண்டிப் பெரியாஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தாள். உயிர் மிஞ்சியதே பெரிது, மற்றதைப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு நடந்தாள், சாப்பிட்டாள். பேச்சு இல்லை. முகத்தைப் பார்ப்பதும் இல்லை. நான் எதிரே போய் நின்றால் என் தோளுக்கு மேலே இருக்கும் சுவரைப் பார்ப்பாள். தடுக்கி விழுந்து முழங்கால் தேய்ந்தால்கூட அழமாட்டாள். எழுந்து மறுபடி நடப்பாள்.

அவளுக்கு எங்களைத் தெரிகிறதா, இல்லையா? எங்கள் வீட்டில் அந்த ஒரு கேள்விதான் இருந்தது. நானும் என் மனைவியும் அதை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பல் பிடுங்கிய பிறகு கன்னம் மரத்துப் போய், கிள்ளினால்கூடத் தெரியாதே, எனக்கு உள்ளே முழுக்க அப்படி இருந்தது. துக்கம் என்றாவது சொல்லிக்கொள்ள முடிந்திருந்தால் பரவாயில்லை. துக்கமும் இல்லை. காலையில் எழுந்தேன், வேட்டி கட்டினேன், பள்ளிக்கூடம் போனேன், வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருந்து ஆட்கள் வந்தார்கள். மாரியம்மன் கோயில் கயிறு கட்டினார்கள். கட்டுங்கள் என்றேன். ஆட்டு மூளையை மிளகு போட்டு வறுத்துக் கொண்டுவந்து, இதைத் தின்றால் மூளைக்கு நல்லது என்றார்கள். கொடுங்கள் என்றேன். மகள் அதையும் சுவரைப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

என் மனைவி பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பிடிவாதக்காரி. பிள்ளை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வெளியே போவதை விட்டுவிட்டாள். கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, ஊற்றுப் பீலிக்குத் தண்ணீருக்குப் போவதோடு சரி. தினமும் அடுப்படியில் பலகை போட்டு மகளை எதிரே உட்கார வைத்து, பிஸ்கட் டின்னைத் திறப்பாள். பிஸ்கட்டைச் சிறு துண்டாக உடைத்து, கண்முன்னே தூக்கிப் பிடித்து, "அம்மா சொல்லு, அம்மா" என்பாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிள்ளை ஒன்றும் சொல்லாவிட்டாலும் வாயில் போடுவாள். பிறகு அடுத்த துண்டு. பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அந்தக் குரல் வகுப்பில் கேட்கும். பிள்ளைகள் கேட்டும் கேட்காத மாதிரி இருப்பார்கள். எனக்கு அது மழைச் சத்தம் போலப் பழகிவிட்டது.

படம் செய்ய வேண்டும் என்று சொன்னதும் ஐந்தாம் வகுப்புக்குக் குஷி பிறந்துவிட்டது. கொஞ்ச நாளைக்கு முன்புதான் அரசாங்கப் பட வேன் ஒன்று தோட்டத்துக்கு வந்து, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிவிட்டுப் போயிருந்தது. கொக்கிப்புழுவைப் பற்றிய படம். புழு யானை அளவுக்குத் திரையில் நெளிந்ததைப் பார்த்து முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். அதற்குப் பிறகு பாடம் என்றால் அது திரையில் ஓட வேண்டும் என்றாகிவிட்டது.

"வேன்லாம் நமக்கு ஏது சார்? நாமளே ஓட்டுவோம்" என்றான் ஒரு பையன். அவன் தொண்டை பெரியது. பக்கத்து மலையில் நிற்பவனிடம் சாதாரணமாகப் பேசக்கூடியவன். குரல் கொடுக்கும் வேலை அவனுக்கு என்று அப்போதே தீர்மானமாகிவிட்டது.

ஸ்டோரில் கேட்டு, உடைந்த தேயிலைப் பெட்டி ஒன்று வாங்கினோம். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். விளக்கு வைத்தால் வெளிச்சத்தை அப்படியே முன்னால் தள்ளும். முன்பக்கத்தை வெட்டி ஜன்னல் மாதிரி ஆக்கினோம். மேலும் கீழும் வாசல் கூட்டுகிற தும்புத்தடிக் கம்பு இரண்டை உருளையாகப் பொருத்தினோம். தாள்களை மாவுப் பசையால் நீளமாக ஒட்டி, படம் வரைந்து, தேங்காயெண்ணெய் தடவினால் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பின்னால் அரிக்கேன் லாம்பு இரண்டு. ஒருவன் உருளையைச் சுற்ற, படம் கீழிருந்து மேலே ஏறும். ஒரே ஒரு சங்கடம். பசை போட்ட தாள் என்பதால் ஒரு பக்கமாகத்தான் சுற்றலாம். வேகமாகச் சுற்றினாலோ, திருப்பிச் சுற்றினாலோ ஒட்டு விட்டுப் போகும். ஆரம்பித்தால் முடிவு வரை ஓடித்தான் தீர வேண்டும்.

படம் வரைந்தவள் ஒரு சிறுமி. பேச்சு குறைவு, கை சுத்தம். என் பயிற்சிக் கல்லூரிப் புத்தகத்தில் மூளையின் படம் இருந்தது. அதைப் பார்த்து அப்படியே வரை என்று கொடுத்தேன். வரைந்தாள். வகுப்பு முழுக்கச் சுற்றி நின்று பார்த்துவிட்டு, சாக்கிலே கட்டின கொழுந்து மாதிரி இருக்கிறது என்றது.

"இதப் பாத்தா யாருக்கு சார் வெளங்கும்?" என்றான் பெரிய தொண்டைக்காரன். "நம்ம பெரட்டுக் களத்த வரையச் சொல்லுங்க. மூளையில அதான் சார் நடக்குது. கண்ணு காதுலேருந்து ஆளுங்க வாராங்க. கங்காணி நிக்கிறாரு. நீ அந்த மலைக்குப் போ, நீ இந்த மலைக்குப் போன்னு பிரிச்சு விடுறாரு."

"அப்ப கத்துக்கிறதுன்னா என்னாடா?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். சிறுமிதான் பதில் சொன்னாள். "குறுக்குப் பாத சார். மொத நாளு தேயிலச் செடிக்குள்ள பூந்து போறப்ப கீறும். அடுத்த நாளும் அதே வழியாப் போனா கொஞ்சம் வழி தெரியும். எல்லாரும் போனா பாத விழுந்துரும். அப்புறம் கங்காணி ஏசுனாக்கூட காலு அங்கதான் சார் போவும்."

புத்தகத்தில் இதையே ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். இதையே வரை என்றேன். எனக்கு அதில் மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். ஒரு வாத்தியாருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? ஒன்றும் வரவில்லை. மழைக்கு முன் தாளைக் காயவைக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு கொடி கட்டப் போனேன்.

பாதி வேலை முடிந்திருந்த சமயம், ஒரு காலை என் மனைவி வகுப்புக்குள் ஓடி வந்தாள். முந்தானை நழுவியது கூடத் தெரியவில்லை. வகுப்பில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும் அவளுக்கு ஞாபகத்தில் இல்லை.

"சொல்லிட்டாங்க! அம்மான்னு சொல்லிட்டா! வந்து கேளுங்க!"

பிள்ளைகள் கை தட்டினார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் காரணம் தெரியாமலே குதித்தார்கள். நான் வீட்டுக்குப் போனேன். மகள் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மனைவி ஒரு துண்டு பிஸ்கட்டைத் தூக்கினாள். "அம்மா" என்றாள் மகள். தெளிவாகவே சொன்னாள். அவள் குரல் கொஞ்சம் தடித்துப் போயிருந்தது. மனைவி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிள்ளை அந்தப் பிடிக்குள்ளிருந்து கழுத்தை வளைத்து வளைத்துப் பின்னால் பார்த்தது.

எதைப் பார்க்கிறாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் சாயந்திரம் மனைவி பீலிக்குப் போனபோது டின்னை எடுத்து மேலே தட்டில் வைத்தேன். மகள் வந்து தட்டுக்குக் கீழே நின்றாள். அண்ணாந்து பார்த்து, "அம்மா" என்றாள். டின்னை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்தேன். ஜன்னல் பக்கம் போய் "அம்மா" என்றாள். தண்ணீர்க் குடத்தோடு மனைவி வாசலில் நுழைந்தாள். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் டின்னை அதன் இடத்தில் வைத்துவிட்டு வகுப்புக் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவள் அன்றைக்குப் பாயசம் காய்ச்சினாள், லயத்துக்கு ஆளனுப்பினாள், சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பறித்து என்ன செய்யப் போகிறேன் என்று விட்டுவிட்டேன். அதைத் தப்பென்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. யாராக இருந்தாலும் விட்டுத்தான் இருப்பார்கள்.

அதே வாரம்தான் ஸ்டோர்ச் சங்கு பழுதாயிற்று. எங்கள் தோட்டத்தில் மத்தியானத்துக்கு முன் ஒரு சங்கு ஊதும். கைப்பிள்ளைக்காரிகள் கொழுந்துக் கூடையை மலையிலேயே வைத்துவிட்டு, பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. ஓர் ஆயாவும், அவளுக்கு ஒத்தாசையாக யாராவது பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் இருப்பார்கள். படம் வரைகிற சிறுமியின் தம்பியும் அங்கேதான் தொட்டிலில் கிடந்தான். பழுது பார்க்க வந்த ஆள், சரியாகிவிட்டதா என்று பார்க்க, நேரமில்லாத நேரத்தில் சங்கை ஊதிவிட்டான். அன்று அங்கே ஒத்தாசைக்கு இருந்த சிறுமி மறுநாள் அதை வகுப்பில் சொன்னாள்.

"தூங்கிக்கிட்டு இருந்த புள்ளைங்க எல்லாம் முழிச்சுக்கிச்சுங்க சார். எல்லாம் ஒண்ணா அழுதுச்சுங்க. ஆனா அம்மாமாரு வர்ற பாதைய ஒண்ணுகூடப் பாக்கல. எல்லாப் புள்ளையும் ஸ்டோர் பக்கமாத் திரும்பி வாயத் தொறந்துச்சுங்க. அதுங்களுக்கு சங்குதான் சார் அம்மா."

வகுப்பே சிரித்தது. "இதப் படத்துல போடுவோம் சார்!" என்று பெரிய தொண்டைக்காரன் எழுந்து நின்றான். "கத்துக்கிறதுக்கு இத விட என்னா வேணும்? சங்கு, பாலு, சங்கு, பாலு. பாத விழுந்துருச்சு!"

சிறுமி வரைந்தே விட்டாள். பிள்ளைக்காம்பரா, தொட்டில்கள், வாயைத் திறந்த குழந்தைகள். கடைசிப் படத்தில் ஸ்டோருக்கே சேலை கட்டி, கொண்டை போட்டு, பொட்டு வைத்திருந்தாள். ஸ்டோர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றது. நன்றாக வந்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல நான் ஒரு காரணம் தேடினேன். உண்மையான காரணத்தைச் சொன்னால் வீட்டுச் சங்கதியைச் சொல்ல வேண்டும். வேறு காரணம் கிடைக்கவில்லை. என் மனைவிதான் எங்கேயும் வருவதில்லையே, கண்காட்சிக்கா வரப் போகிறாள் என்று, சரி போடுங்கள் என்றேன்.

இன்ஸ்பெக்டர் பார்க்க வந்தது ஒரு சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்ததும் தாய் தகப்பன்மாரையும் வரச் சொல்லியிருந்தோம். அறையை இருட்டாக்க வேண்டும். பள்ளிக்கூட ஜன்னல்களுக்குக் கதவு கிடையாது, கம்பித்தட்டிதான். ஆளுக்கொரு கம்பளி கொண்டுவரச் சொல்லி, மழைக்குப் போர்த்துகிற அந்தக் கறுப்புக் கம்பளிகளையே ஆணியடித்துத் தொங்கவிட்டோம். ஈரக் கம்பளி வாடையும் தேங்காயெண்ணெய் வாடையும் சேர்ந்து மூக்கை அடைத்தது. இன்ஸ்பெக்டர் கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். தீப்பிடித்தால் ஊற்ற ஒரு வாளித் தண்ணீரோடு நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

படம் தொடங்கிய பிறகு வாசல் கம்பளி விலகியது. என் மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். வெளியே வராத மனுஷி வந்திருக்கிறாள் என்று முன்வரிசையில் இடம் விட்டார்கள். உட்கார்ந்து மடியில் டின்னை வைத்துக்கொண்டாள். பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டாள் என்று ஊருக்குக் காட்ட வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

பெட்டியில் பெரட்டுக் களம் ஏறிக்கொண்டிருந்தது. கங்காணி படத்தைப் பார்த்து ஜனம் அடையாளம் கண்டு சிரித்தது. அடுத்து குறுக்குப் பாதை. அதற்கு அடுத்தது பிள்ளைக்காம்பரா. நிறுத்தலாமா என்று பார்த்தேன். உருளை சுற்றுகிறவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரே கவனமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். வாளித் தண்ணீரை விளக்கில் ஊற்றிவிடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. வாளி கையில் இருந்தது. கை எழவில்லை.

"சங்கு ஊதுகிறது!" என்று முழங்கினான் பெரிய தொண்டைக்காரன். வகுப்பில் எழுதிப் படித்த தமிழ். "சங்கு ஊதினால் பால் வருகிறது. நாள் தவறாமல் வருகிறது. ஆகவே குழந்தையின் மூளையில் சங்குக்கும் பாலுக்கும் நடுவே ஒரு பாதை விழுந்துவிடுகிறது. ஒருநாள் பால் வராத நேரத்தில் சங்கு ஊதியது. குழந்தைகள் அழுதன. அவை அம்மாவையா கூப்பிட்டன? இல்லை! சங்கைக் கூப்பிட்டன!"

சேலை கட்டிய ஸ்டோர் பெட்டியின் ஜன்னலில் ஏறியது. ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கைப்பிள்ளைக்காரிகள்தான் அதிகம் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் மூக்கிலிருந்து கைலேஞ்சியை எடுத்துவிட்டுச் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே மகள் "அம்மா" என்றாள்.

மனைவியின் கை பழக்கத்தில் டின் மூடிக்குப் போனது. மூடியின் மேல் போய் நின்றுவிட்டது. பெட்டி வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அவள் மூடியைத் திறக்காமல் டின்னை மெதுவாக எடுத்துப் பெஞ்சுக்கு அடியில் வைத்தாள். பிள்ளை உடனே இறங்கிக் குனிந்து, பெஞ்சுக்கு அடியில் பார்த்து, "அம்மா" என்றாள். "அம்மா, அம்மா." பக்கத்தில் இருந்த பெண்கள், பாரேன், பிள்ளை என்ன அழகாகப் பேசுகிறது என்றார்கள். என் மனைவி நிமிர்ந்து நேரே என்னைப் பார்த்தாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

படம் மிச்சமும் ஓடி முடிந்தது. அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கு ஞாபகமில்லை. கம்பளிகளைக் கழற்றினார்கள், வெளிச்சம் வந்தது. இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிள்ளையள் நல்லாச் செய்திருக்கினம், மாஸ்டர். அந்தச் சங்கு விசயம் சோக்காயிருக்கு. கண்காட்சியில கட்டாயம் வைக்க வேணும்." சரிங்க சார் என்றேன்.

மனைவி டின்னைத் திறந்து படம் செய்த பிள்ளைகளுக்கெல்லாம் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. மகள் டின்னின் பின்னாலேயே போய், பிறகு பிஸ்கட் வைத்திருந்த ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் நின்று "அம்மா" என்றாள். பெரிய தொண்டைக்காரன் வாய் கொள்ளாமல் மென்றுகொண்டே, "நான் அம்மா இல்ல பாப்பா, அண்ணே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். படம் வரைந்த சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தன் பிஸ்கட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு என் மனைவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அன்னிக்கே."

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் போய் அடுப்பை மூட்டினாள், ரொட்டி தட்டினாள், மகளுக்கு ஊட்டினாள். நானும் சாப்பிட்டேன். விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் எழுந்து வரும்போது மனைவி அடுப்படியில் வழக்கமான பலகையைப் போட்டு மகளை உட்கார வைத்திருந்தாள். எதிரே இன்னொரு பலகை காலியாக இருந்தது. காலி டின்னைக் கழுவி வெளியே வேலியில் கவிழ்த்திருந்தாள்.

"இங்க வாங்க" என்றாள். "இதுல உக்காருங்க."

"எதுக்கு?"

"அவ கத்துக்கிட்டா இல்லைங்களா? தப்பாத்தான் கத்துக்கிட்டா. அது நாஞ் சொல்லிக் குடுத்த லெச்சணம். ஆனா கத்துக்கிட்டாங்க. ஒண்ணோட ஒண்ணச் சேத்துக்கிட்டா. மண்டைக்குள்ள ஆளு இருக்குங்க."

அவள் சொன்னது சரி. ஒரு மாதமாக எனக்கும் முன்னால் கிடந்த சங்கதி அது. நான் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

"அம்மாங்கிற வார்த்த பிஸ்கட்டுக்குப் போயிருச்சு" என்றாள் மனைவி. சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அது திரும்பி வர்ற அன்னிக்கு வரட்டும். அப்பாங்கிற வார்த்தைய இன்னும் யாரும் கெடுக்கல. அத மொதல்ல சொல்லட்டும். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவ்வளவு கிட்டத்தில் மகளுக்கு எதிரே நான் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கீழ் வரிசையில் ஒரு பல் விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் என் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தாள். பிறகு டின் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். "அம்மா" என்றாள். டின் இல்லை. "அம்மா" என்றாள் மறுபடி. மனைவி இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். பிள்ளையின் முகம் கோணியது. அழ ஆரம்பித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக அழுதாள், வாய்விட்டு, பழைய மாதிரி.

எனக்கு நெஞ்சில் வலித்தது. மரத்த இடத்தில் உணர்வு வரும்போது சுகமாகவா இருக்கும்? எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. டவுனுக்குப் போய்க் கடையைத் திறக்கச் சொல்லி ஒரு டின் வாங்கி வந்து அந்தப் பிள்ளையின் முன்னால் கொட்டிவிடலாம் என்று இருந்தது.

"அவ கையப் புடிங்க" என்றாள் மனைவி.

பிடித்தேன். சிறிய கை, சூடாக இருந்தது. அதை எடுத்து என் கன்னத்தில் வைத்தேன். ஈரம் பட்டதும் அவள் அழுகையை நிறுத்தி விரல்களை அசைத்துப் பார்த்தாள். என் கன்னம் நனைந்திருக்கிறது என்பதை அவள் விரல் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

"அப்பா" என்றேன். குரல் எழும்பவில்லை, காற்றுதான் வந்தது.

மகள் சுவரைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

சொன்னேன்.